மாப்ள, சித்தெ கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க

ஒன்றரை வயசுக் கொழந்தைய வெளையாட வெக்கறது லேசுப்பட்ட காரியமுங்களா? அதுக்குன்னு புஸ்தகம் படிக்கோணும், ஒரு வண்டி சாமானம் வாங்கோணும், ஆபீசுல தலைவலின்னு பொய் சொல்லீட்டுச் சீக்கரமாக் கெளம்பி வரோணும். இத்தனையும் பண்ணித்தான் கோயமுத்தூருல என்ற மகளும் மாப்பிள்ளையும் எம்பேத்திய வெளையாட வெக்கறாங்க. எங்க காலத்துல இந்த அறிவெல்லாம் ஏது? கொழந்தையக் களத்துல எறக்கி உட்டுட்டு, ஒரு கண்ண அங்க வெச்சுட்டு, வேலையப் பாப்போம். அது பாட்டுக்கு வெளையாடும், அழுகும், தூங்கும், எந்திரிச்சு மறுக்கா வெளையாடும். பக்கத்துல ஒரு ஆளு நின்னு 'சூப்பர், சூப்பர்'னு கை தட்டாம அதுக எப்படித்தான் வெளையாண்டுச்சுகளோ, அந்த மாரியாத்தாளுக்குத்தான் வெளிச்சம்.

காங்கேயத்துப் பக்கமிருந்து வந்து மகளூட்டுல தங்கி, பொழுதோட அவங்க கூடவே பூங்காவுக்குப் போயி, பெஞ்சுல உக்காந்து பாத்ததுல எனக்கும் கொஞ்சம் ஞானம் வந்திருக்குது. அதையச் சொல்லீறேன். அம்மிணி, நீயுங் கேட்டுக்க. மாப்ள, நீங்க போனக் கீழ வெக்க வேண்டாம். பாத்துட்டே கேளுங்க, உங்களுக்கு அதுதான் பழக்கம்.

மொதல்ல பை கட்டற வேலை. ஈரத்தாளு ரண்டு கட்டு, கை கழுவற மருந்து, கொசு மருந்து, தொப்பி, பிளாஸ்குல வெந்நீரு, நறுக்குன ஆப்பிளு, நறுக்காத ஆப்பிளு, மாத்துச் சட்டை, மாத்துச் சட்டைக்கு ஒரு மாத்துச் சட்டை. இன்னும் ரண்டு சாமானஞ் சேத்துக்கிட்டீங்கன்னா அப்படியே பழனிக்கு நடந்தே போயிட்டு வந்தரலாம். இத்தனை எடுத்து வெச்சவங்க, எடுத்து வெச்சுட்டுப் போக வேண்டியத மறந்தர்றீங்க. அவ கழுத்துல கெடக்கற சங்கிலியும் கருப்புக் கயிறும் ஊட்டுலயே இருக்கட்டும். தொப்பி வெச்ச சட்டையில தொங்கற நாடாவும் வேண்டாம். சறுக்கு உச்சியில ஒரு கம்பியிலயோ திருகாணியிலயோ அது மாட்டிக்கிச்சுன்னா கழுத்த நெரிச்சுப் போடும். அம்மிச்சி மந்திரிச்சுக் கட்டுன கயிறாச்சேன்னு நீ ரோசன பண்றே. கண்ணு பட்டா நாஞ் சுத்திப் போடறேன் அம்மிணி. கம்பியில பட்டா யாரு சுத்திப் போடறது?

பூங்காவுக்கு வந்தாச்சு. பெரியவங்களுக்குப் பூங்கான்னா சறுக்கு, தூரி, சீசா. அவளுக்கு வாசல்லயே ஆரம்பிச்சிருது. கேட்டுல தொங்கற சங்கிலிய ஆட்டிப் பாக்கோணும். ஆட்டுனா சத்தம் வருது, உட்டா நிக்குது, மறுக்கா ஆட்டுனா மறுக்காவும் வருது. இந்த அதிசயத்த நல்லாத் தெளிவு பண்ணிக்கிட்டாத்தான் அக்கட்டால போக முடியும். அதுக்கப்பறம் எறும்புச் சாரி. அப்பறம் சாக்கடை மூடியில இருக்கற ஓட்டை. ஒரு குச்சிய எடுத்து உள்ளாற போட்டா எங்கியோ கீழ 'டொப்'புங்குது. போட்டது எங்க போச்சு? இன்னொண்ணு போட்டாத் தெரிஞ்சு போகும். நமக்குத் தொடை இருக்கற எடத்துல அவளுக்கு மூஞ்சி இருக்குது. நம்ம கண்ணுக்குச் சறுக்கு தெரியறதுக்கு முன்னால அவ கண்ணுக்குப் பூமியில ஆயிரஞ் சமாச்சாரம் தெரியுது.

அதையெல்லாம் பாத்துட்டிருக்க உட்டா நேரம் என்னத்துக்காகறது? 'அதெல்லாம் அழுக்கு, வா சாமி, வெளையாடப் போலாம்'னு கையப் புடிச்சு இழுத்துட்டுப் போறீங்க பாருங்க, அதான் சரி. வெளையாண்டுட்டிருக்கற கொழந்தைய வெளையாடறதுக்காக இழுத்துட்டுப் போறதுக்கு நெம்பப் படிச்சிருக்கோணும்.

அடுத்தது நடை. மாப்பிள்ளை அன்னிக்கு எனக்கொரு சேதி படிச்சுக் காட்டுனாரு. நியூயார்க் பல்கலைக்கழகத்துல கேரன் அடால்ஃப்னு ஒரு அம்மாளும் அவங்க கூட்டாளிகளும், நடை பழகற கொழந்தைக தம்பாட்டுக்கு வெளையாடறப்ப எத்தன அடி வெக்குது, எத்தன தடவ உழுகுதுன்னு எண்ணி 2012ல எழுதியிருக்கறாங்க. பன்னண்டு மாசத்துல இருந்து பத்தொம்பது மாசம் வரைக்கும் இருக்கறதுக. சராசரியா மணிக்கு 2,368 அடி, 17 உழுகை. இதையப் படிச்சு முடிச்ச கையோட, தடுமாறுன பேத்தியப் புடிக்க மாப்பிள்ளை பாஞ்சு ஓடுனாரு. அந்த மணி நேரத்துக் கணக்குல ஒண்ணு கொறஞ்சு போச்சு. மிச்சத்த அவ எப்பத்தான் உழுந்து தீக்கறது?

காங்கேயங் கன்னு பொறந்து மண்ணுல கெடக்கறப்பவே எந்திரிக்கப் பாக்கும். நாலு காலும் நாலு தெசைக்குப் போகும், சாஞ்சுரும், மறுக்கா எந்திரிக்கும். பண்ணையக்காரன் கிட்டத்துலயே நிப்பான், கல்லு கில்லு கெடந்தா அக்கட்ட எடுத்துப் போடுவான், கன்னத் தூக்கி நிறுத்த மாட்டான். ஒன்றரை வயசுப் புள்ளைக்கும் அதுக்கு மேல ஒரு கைங்கரியம் வேண்டியதில்ல. மண்ணுலயோ புல்லுலயோ அவ ஒசரத்துல இருந்து உழுந்தா எத்தன தூரம்? நம்ம தொடைக்கு மேல எட்டாத ஆளு அவ. கல்லுங் கண்ணாடித் துண்டும் கெடக்குதான்னு மொதல்லயே ஒரு சுத்துச் சுத்திப் பாத்துட்டு, அப்பறம் உழுக உடுங்க.

அதுக்குப் பதுலு உங்க கிட்ட ஒரு மந்திரம் இருக்குது. 'பாத்து.' அரைமணி நேரத்துல மாப்பிள்ளை எத்தன 'பாத்து' சொல்றாருன்னு எண்ணிப் பாக்கலாம்னு வெரலு மடக்குனேன், ரண்டு கை வெரலும் தீந்து போச்சு. அவ என்னத்தப் பாக்கோணும்னு மட்டும் ஒரு வாட்டியுஞ் சொல்லக் காணம். 'பாத்து'ன்னதும் அவ நின்னு திரும்பி அப்பன் மூஞ்சியப் பாக்கறா, கால வெக்கற எடத்த உட்டர்றா, உழுகறா. 'பாத்தீங்களா மாமா, நாந்தான் சொன்னனல்லொ'ங்கறாரு. ஆமாங்க மாப்ள, நீங்க சொன்னதுனாலதான். சொல்றதா இருந்தா 'படி வழுக்குது சாமி, கம்பியப் புடிச்சுக்க'ன்னு சொல்லுங்க. ஒன்றரை வயசுக்கு அது வெளங்கும். 'பாத்து'ங்கறது எனக்கே வெளங்கல.

உழுந்த கொழந்த ஒடனே அழுகாது. ஒரு நொடி அப்படியே கெடந்து நம்ம மூஞ்சிய ஏறிட்டுப் பாக்கும். 'என்ன, அழுகற அளவுக்கு ஆயிப் போச்சா?'ன்னு நம்மகிட்ட ஒரு அபிப்பிராயங் கேக்குது. 1985ல அமெரிக்காவுல இதைய ஒரு சோதனையாவே பண்ணிப் பாத்திருக்கறாங்க. மேல கண்ணாடி, அடியில ஒரு அடி பள்ளம் தெரியற மாதிரி ஒரு மேசை. ஒரு வயசுக் கொழந்தைய இக்கட்ட உட்டுட்டு, அம்மாள அக்கட்ட நிறுத்துனாங்க. அம்மா சிரிச்ச மூஞ்சியா நின்னப்ப 19 கொழந்தைகள்ல 14 தாண்டிப் போயிருச்சு. அம்மா பயந்த மூஞ்சியா நின்னப்ப 17 கொழந்தைகள்ல ஒண்ணு கூடத் தாண்டல. அதே கண்ணாடி, அதே பள்ளம்.

அதனால அம்மிணி, அவ உழுந்ததும் நீ போடற 'அய்யோ சாமீ!' இருக்குதல்லொ, அதைய உட்டறாத. பூங்காவுல அக்கடான்னு பழமை பேசீட்டிருக்கற பெருசுகளும் சித்தெ எந்திரிச்சு நின்னுக்கறாங்க, ஒடம்புக்கு நல்லது. அழுகோணுமா வேண்டாமான்னு புள்ள ரோசன பண்ற சிரமமும் மிச்சம்.

சறுக்குக்கு வருவோம். நம்ம ஒசரத்துக்கு அது நாலடிச் சறுக்கு. அவளுக்கு அது அவளயும் தாண்டி இன்னும் பாதி ஒசரம். படியில ரண்டு ஏறுவா, திரும்பிப் பாப்பா, எறங்கீருவா. மறுக்கா ரண்டு ஏறுவா. அன்னைக்கு அவளுக்கு ரண்டு படி போதும். நமக்குப் போதாது. 'இவ வயசுதான் அந்தப் பையனும், அவன் எப்படி வர்றான் பாரு'ன்னு ஒரு ஒப்பீடு. அப்பறம் அவளத் தூக்கி உச்சியில வெக்கறது. ஏறத் தெரியாத ஒசரத்துல நம்ம வெச்சா, எறங்கவும் அவளுக்குத் தெரியாது. அங்க உக்காந்து வீறுனு கத்தறா. 'பயந்தாங்கொள்ளி'ன்னு பட்டஞ் சூட்டீர்றீங்க.

அப்பறம் வருது பாருங்க மாப்பிள்ளையோட வீரப் பிரதாபம். கொழந்தைய மடியில வெச்சுட்டு ஒட்டுக்காச் சறுக்கறது. இதுல மட்டும் நான் குசும்பு பேசலீங்க மாப்ள, நெசமாச் சொல்றேன், பண்ணாதீங்க. தனியாச் சறுக்குனா அவ எடைக்கு அவ காலு ஓரத்துல உரசுனா நின்னுரும். உங்க மடியில இருக்கறப்ப உங்க எடையும் சேந்து கீழ போகுது. செருப்புப் போட்ட சின்னக் காலு பக்கத்துல சிக்குது, ஒடம்பு நிக்காமப் போகுது, காலு திருகிக்குது. அமெரிக்காவுல 2002ல இருந்து 2015 வரைக்கும் ஆறு வயசுக்குக் கீழ இருக்கறதுக ஏறக்குறைய 3.5 லட்சம் பேரு சறுக்குல அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கறாங்க. மூணுல ஒருத்தருக்கு எலும்பு முறிவு, அதுலயும் எச்சா முழங்காலுக்குக் கீழ. இப்படி அடிபட்டதுல ஒரு வயசுக்காரங்கதான் மத்த வயச உட எச்சு. பத்திரமா இருக்கட்டும்னு மடியில வெக்கறீங்க, அங்கதான் காலு ஒடியுது. அப்பறம் சித்தர வெயில்ல தகரச் சறுக்குல உக்கார வெக்கறதுக்கு முன்னால உங்க பொறங்கைய ஒரு தடவ அதுல வெச்சுப் பாருங்க. ரப்பர்த் தரை போட்ட பூங்காவுலயும் வெறுங்காலோட எறக்கி உடறதுக்கு முன்னால அப்படித்தான்.

சறுக்குல கீழ இருந்து மேல ஏறுவா. 'அப்படி ஏறக் கூடாது, இப்படித்தான் வரோணும்'னு சறுக்குக்கே எலக்கணஞ் சொல்லிக் குடுக்கறீங்க. மேல இருந்து யாரும் வராத நேரமா இருந்தா ஏறட்டும் உடுங்க. சறுக்கறது பூமி பண்ற வேலை. ஏறறதுதான் அவ பண்ற வேலை.

தூரிக்கு வந்தா, நம்ம சனத்துக்குச் சொல்லிக் குடுக்கவா வேணும்? ஆடிப் பதினெட்டுக்குப் புளியமரத்துல வடக்கயித்தப் போட்டு ஆடுனவங்க நாம. ஆனா அதுல ஆடுனது வளந்த புள்ளைக. ஒன்றரை வயசுக்கு, கால உட்டு உக்கார்ற தொட்டித் தூரிதான் தோது. ஆடறப்ப உள்காதுல இருக்கற நீரு அசைஞ்சு, மேல எது, கீழ எது, எக்கட்டால போறோம்னு மூளைக்குச் சேதி அனுப்புது. நிதானத்த ஒடம்பு அங்கதான் படிக்குது. பாடத்த மெல்ல நடத்துங்க மாப்ள. நீங்க தள்ளற வேகத்துக்கு அவ ஈரோட்டுல போய்த்தான் எறங்கோணும். பின்னால நின்னு தள்ளறதுக்குப் பதுலு, முன்னால நின்னு தள்ளுங்க. அவ மூஞ்சி தெரியும். சிரிப்பு நின்னு வாயி கோணுச்சுன்னா போதும்னு அர்த்தம். தூரியில இருக்கற கொழந்தைக்கு மட்டுமில்ல, தூரிக்குக் குறுக்க ஓடற கொழந்தைக்கும் ஆபத்து இருக்குது. ஆடற பலகை நெத்தியில வந்து அடிக்கும். ஓடி வந்து புடிக்கோணும்னு உங்களுக்கு ஆசையா இருக்குதல்லொ, அந்த ஆசைய அங்க வெச்சுக்கங்க.

மண்ணுக்கு வாரேன். எம்பேத்தி அந்தப் பூங்காவுல எல்லாத்தையும் உட மண்ணுத் தொட்டிக்குள்ளதான் எச்சு நேரம் இருப்பா, நீங்க உட்டா. இந்த மண்ணுத் தொட்டிக்கு ஒரு சரித்திரமே இருக்குது. பெர்லின் நகரத்துப் பூங்காவுல கொழந்தைக மண்ணுக் குமியில வெளையாடறத மேரி சக்ரெவ்ஸ்கான்னு ஒரு டாக்டரம்மா பாத்து, அதையப் பாஸ்டனுக்கு எழுதுனாங்களாம். 1885ல பாஸ்டன்ல ஒரு ஜெபக்கூடத்து முத்தத்துல ஒரு வண்டி மண்ணக் கொட்டுனாங்க. அமெரிக்காவோட பூங்கா வெளையாட்டெல்லாம் அங்கிருந்துதான் கெளம்புச்சுங்கறாங்க. சறுக்கும் வேண்டாம், தூரியும் வேண்டாம், ஒரு வண்டி மண்ணு.

நம்ம புலவருங்களுக்கு இது முன்னாலயே தெரிஞ்சிருக்குது. பிள்ளைத்தமிழ்ல பத்துப் பருவத்துல சிற்றில்னு ஒண்ணு வெச்சாங்க. பொம்பளப் புள்ளைக மண்ணுல ஊடு கட்டும், ஆம்பளப் பையன் வந்து காலால எத்திக் கலைப்பான். 'கலைக்காதடா ராசா'ன்னு கெஞ்சறதுதான் பாட்டு. முருகப் பெருமானே கலைச்சிருக்கறாரு. அந்தப் பூங்காவுல ஒரு பொடியன் எம்பேத்தி கட்டுன மண்ணு மேட்ட மிதிச்சதுக்கு நீ அவனோட அம்மாகிட்டப் போன சண்டை இருக்குதே அம்மிணி, முருகன் மேல கேசுப் போட்ட மொத ஆளு நீதான்.

மண்ணத் திங்கறாளேன்னு கவலையா? திம்பாத்தான். இந்த வயசுல எதையும் வாயில வெச்சாத்தான் அது என்னன்னு தெரியும். பூனை பேண்டு வெச்சிருக்கற மண்ணுல மட்டும் உடாத. ஊட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கையக் கழுவி உடு. வருசத்துல பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 வாக்குல ரண்டு வாட்டி அங்கன்வாடியில குடல்புழு மாத்திரை குடுக்கறாங்க, ஒரு வயசு முடிஞ்சு ரண்டு வயசுக்குள்ள இருக்கறதுக்கு அரை மாத்திரை, பொடி பண்ணித் தருவாங்க. 2015ல இருந்து நடக்கற சோலி. அந்தத் தேதிய உங்க போன்ல போட்டு வெச்சுக்கங்க மாப்ள, அதுக்காவது அது ஒதவட்டும்.

இப்பப் பெரிய வழக்குக்கு வாரேன். வாளி வழக்கு. எம்பேத்தி கையில செவப்பு வாளி. பக்கத்தூட்டுக் கொழந்த வந்து புடிக்குது. இவ 'ந்நான்!'னு கத்தறா, அவளுக்கு 'என்னுது'ங்கறதுக்கு இப்போதைக்கு அதான் வார்த்தை. உடனே அம்மிணி நீ ஓடி வந்து 'குடு சாமி, பங்கு போட்டு வெளையாடோணும்'னு வாளியப் புடுங்கிக் குடுக்கறே. மண்ணாளப் பொறந்த நம்ம குடும்பத்துல, அரைச் சாண் வரப்புக்காவப் பங்காளி கூட எங்கப்பன் காலத்துல போட்ட கேசு இன்னும் தாராபுரங் கோர்ட்டுல வாய்தாவுல நிக்குது. வாளிய மட்டும் ஒன்றரை வயசுக்காரி மனசார உட்டுக் குடுக்கோணும்!

இந்த வயசுல அதுக ஒண்ணோட ஒண்ணு சேந்து வெளையாடாது, ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணு வெளையாடும். மில்ட்ரெட் பார்ட்டன்னு ஒரு அம்மா அமெரிக்காவுல மின்னசோட்டாவுல ஒரு பள்ளியில கொழந்தைகளக் கவனிச்சு 1932லயே எழுதி வெச்சிருக்கறாங்க. மொதல்ல தனியா, அப்பறம் வேடிக்கை, அப்பறம் பக்கத்துப் பக்கத்துல, அதுக்கும் பொறவுதான் கூடிக் கலந்து. மண்ணுத் தொட்டியில ரண்டு பேரு முதுகத் திருப்பிக்கிட்டு ஒரே வேலையப் பண்ணீட்டிருந்தா, அது கோவிச்சுக்கிட்டது இல்ல. அவங்க கணக்குல அதுதான் சிநேகிதம். இவ தட்டுனா அவ தட்டுவா, இவ கொட்டுனா அவ கொட்டுவா. இன்னொரு வாளி வாங்கிக் குடுத்துட்டு நீ பேசாம இரு. பெரியவங்க பூந்தாத்தான் அது வழக்காகுது.

கம்பி ஏணி இருக்குதல்லொ, கொரங்காட்டம் ஏறறதுக்கு, அதோட கதையக் கேட்டா நீங்க சிரிப்பீங்க. சார்லஸ் ஹோவார்ட் ஹிண்டன்னு ஒரு கணக்கு வாத்தியாரு, ஜப்பான்ல வேலை பாத்தப்ப, தம் புள்ளைகளுக்கு நாலாவது பரிமாணம் வெளங்கோணும்னு மூங்கல்ல ஒரு கூண்டு கட்டி ஏறச் சொன்னாரு. புள்ளைக ஏறுச்சுக, எறங்குச்சுக, தொங்குச்சுக. நாலாவது பரிமாணத்த ஒண்ணுஞ் சட்டை பண்ணல. அவரோட மகன் செபாஸ்டியன் ஹிண்டன் சிகாகோவுல வக்கீலு. அதுவும் காப்புரிமை வக்கீலு. சின்ன வயசுல தொங்குனது மறக்காம, அதையவே இரும்புல கட்டிக் காப்புரிமைக்கு எழுதிப் போட்டாரு, 1923ல அது கெடச்சுது. அப்பன் படிப்புக்காகக் கட்டுனான், புள்ளைக ஏறறதுக்காக ஏறுச்சுக. நீங்களும் 'மூளை வளர்ச்சிப் பொம்மை'ன்னு ஆயிரக்கணக்குல குடுத்து வாங்கிப் போடறீங்க. அவ அது வந்த அட்டைப் பொட்டிக்குள்ள போய் உக்காந்துக்கறா.

இதையும் ஒருத்தன் கண்டுபுடிச்சிருக்கறான். டென்மார்க்குல சோரன்சன்னு பூங்கா அமைக்கற ஆளு. கொழந்தைகளுக்குன்னு அழகழகாப் பூங்கா போட்டாரு. கொழந்தைக அங்க வரல. கட்டடம் கட்டற எடத்துல, கல்லு மண்ணு பலகைக்குள்ள போய் வெளையாண்டுச்சுக. கடசியில 1943ல, ஜெர்மன்காரன் அவங்க நாட்டப் புடிச்சு வெச்சிருந்த காலத்துல, கோபன்ஹேகனுக்குப் பக்கத்துல எம்ட்ரப்புல ஒடஞ்ச பலகை, பழைய டயரு, செங்கல்லு போட்டு ஒரு பூங்காவையே தெறந்தாங்க. ஆம்ஸ்டர்டாம்ல ஆல்டோ வான் ஐக்னு ஒருத்தரு 1947ல இருந்து 1978க்குள்ள 700க்கு மேல வெளையாட்டுத் தலம் போட்டாரு. அநேகமா எல்லாத்துலயும் மண்ணுத் தொட்டி, குட்டைக் கம்பி, தாண்டறதுக்குக் கல்லு, அவ்வளவுதான். ஒட்டகச் சிவிங்கி மாதிரி வர்ணம் அடிச்ச சறுக்கு இல்ல. எதையும் இதான்னு சொல்லீறாம உட்டா, கொழந்த அதைய எதாவேணாப் பண்ணிக்கும்னு அவரு நெனச்சாரு.

போட்டோ சமாச்சாரத்தயும் சொல்லீறேன். ஒலக சுகாதார நிறுவனம் 2019ல ஒரு வழிமுறை சொல்லியிருக்குது. ஒரு வயசுல இருந்து நாலு வயசு வரைக்கும் நாளைக்கு 180 நிமிசமாவது ஒடம்பு அசையோணும். ஒரு வயசுக்காரங்களுக்குத் திரையே கூடாது, ரண்டு வயசு ஆனா ஒரு மணி நேரத்துக்கு மேல கூடாது. திரையப் பாக்கத்தான் கூடாது, திரைக்குள்ள இருக்கறதப் பத்தி அவங்க ஒண்ணுஞ் சொல்லல. அதனால மாப்ள, நீங்க தைரியமா வீடியோ எடுத்துட்டே இருங்க. 'இங்க பாரு, அப்பாவப் பாரு, மறுக்கா ஒருக்காச் சறுக்கு, வெளிச்சம் சரியில்ல'ன்னு.

கெளம்பற நேரந்தான் யுத்தம். 'இன்னும் அஞ்சு நிமிசம்'ங்கறீங்க. கடியாரம் பாக்கத் தெரிஞ்சவளா அவ? அஞ்சு நிமிசமும் அஞ்சு வருசமும் அவளுக்கு ஒண்ணுதான். 'இன்னும் ரண்டு வாட்டி சறுக்கீட்டுப் போலாம்'னு சொல்லி, ரண்டயும் அவ கூட எண்ணுங்க. சறுக்குக்கு டாட்டா, தூரிக்கு டாட்டா, எறும்புக்கு டாட்டா. அதுக்கப்பறமும் மண்ணுல உழுந்து பொரண்டு அழுகத்தான் செய்வா. அவ மேலயும் குத்தமில்ல, உங்க மேலயும் குத்தமில்ல. சந்தோசமா இருக்கற எடத்த உட்டு வர்றதுக்கு யாருக்குத்தான் மனசு வருது? சிரிச்ச மூஞ்சியாத் தூக்கித் தோள்ல போட்டுட்டு நடந்தா, வாசலுச் சங்கிலி வரைக்குந்தான் அழுகை.

இத்தனையுஞ் சொன்னதுக்கு அடியில ஒரே ஒரு சேதிதான். பெஞ்சுல உக்காந்து பாத்துட்டிருந்தப்பத் தெரிஞ்சுது. எம்பேத்தி பத்தடி ஓடுவா. நின்னு திரும்பிப் பாப்பா. நான் உக்காந்த எடத்துலயே இருப்பேன். இன்னும் பத்தடி. அப்பறம் காரணமே இல்லாம ஓடி வந்து என்ற முழங்கால ஒருக்காத் தொட்டுட்டு, திரும்பி ஓடீருவா. லண்டன் பூங்காக்கள்ல ஆண்டர்சன்னு ஒருத்தரு, பெஞ்சுல உக்காந்திருக்கற அம்மாக்களையும், ஒண்ணே கால் வயசுல இருந்து ரண்டரை வயசு வரைக்கும் இருக்கற கொழந்தைகளையும் கவனிச்சு 1972ல எழுதியிருக்கறாரு. அம்மா ஒரே எடத்துல உக்காந்திருந்தா கொழந்த போய்ப் போய் வருது. ஏறக்குறைய 200 அடி, அதுக்கு மேல அநேகமாப் போறதில்ல. அம்மா எந்திரிச்சு எடம் மாறுனா அதுக்குத் தெக்கு வடக்குத் தெரியறதில்ல, நின்னுருது, தூக்கச் சொல்லுது. மாப்பிள்ளை அவ பின்னாலயே ஓடறப்ப அவ ஓடிப் போறதுக்கு எடம் இருக்குது, திரும்பி வர்றதுக்கு எடம் இல்லாமப் போகுது. அப்பன் ஒரு எடத்துல உக்காந்தாத்தான மவ போயிட்டு வர முடியும்?

அதனால மாப்ள, நாளைக்குச் சித்தெ கையக் கட்டிக்கிட்டு அந்தப் பெஞ்சுல உக்காருங்க. கண்ணு அவ மேல, போனு எங்கிட்ட. பெருந்துறைச் சந்தையில தேங்காப் பருப்பு என்ன வெலைக்குப் போகுதுன்னு நாம் பாத்துக்கறேன். கை சும்மா இருக்க மாட்டேங்குதுன்னா அதுக்கும் ஒரு வழி வெச்சிருக்கறேன். தோட்டத்துல கள்ளக்கா புடுங்கிப் போட்டிருக்குது, உரிக்க ஆளு கெடைக்கல. ஒரு மூட்டை அனுப்பி உடறேன், உக்காந்த எடத்துல உரிச்சுட்டே அவளப் பாத்துக்கலாம். முழுப் பருப்ப மட்டும் அவ வாயில போட்றாதீங்க, தொண்டையில சிக்கிக்கும். உரிச்சது அப்படியே மூட்டையோட எனக்கு வந்து சேரோணும். கூலி கேக்கறீங்களா? புள்ளைய வெளையாட உட்டதுக்கு அவளே உங்களுக்கு ஒரு முழங்கால் தொடல் குடுப்பா. அதைய வாங்கி வெச்சுக்கங்க. கள்ளக்காய எனக்கு அனுப்பீருங்க.